நடுவில் இருக்கும் எட்டு வருஷம்

(கோத்தகிரி அருகே ஓர் ஊர்ச் சமுதாயக் கூடத்தில், மாணவிகளும் பெற்றோரும் கூடியிருந்தபோது ஜூடோ பயிற்சியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

மணிப்பூரைச் சேர்ந்த சுசீலா தேவி லிக்மாபம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜூடோ 48 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கினார். அப்போது அவருக்கு 19 வயது. 2022இல் பர்மிங்காமில் அதே பிரிவில் மறுபடியும் வெள்ளி. இரண்டு நாளும் பேப்பரில் படம் வந்தது. நான் பேச வந்தது நடுவில் இருக்கும் எட்டு வருஷத்தைப் பற்றி.

2018 கோல்ட்கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஜூடோவே கிடையாது. அன்று அது நடத்துகிற நாடு விரும்பினால் சேர்க்கும் ஆட்டமாகத்தான் இருந்தது. அதே வருஷம் தொடைத் தசையில் காயம்பட்டு, ஆசிய விளையாட்டும் கைவிட்டுப் போனது. அப்புறம் டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிப் புள்ளிகளுக்காக நாடு நாடாகப் போய் ஆட வேண்டும். செலவுக்குப் பணம் போதாமல் தன் காரை விற்றார். ஆசியாவுக்கான ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து டோக்கியோ போனார். அங்கே ஜூடோவில் இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள் அவர்தான். முதல் சுற்றிலேயே ஹங்கேரியின் ஈவா செர்னோவிச்கியிடம் தோற்றார். ஊர் திரும்பி மறுபடியும் பயிற்சி. மறு வருஷம் பர்மிங்காம்.

இந்த எட்டு வருஷத்தை அவர் ஒருவரே தாங்கவில்லை. குடும்பத்திலேயே சர்வதேச அளவில் ஜூடோ ஆடிய ஒருவர் இருந்தார். மணிப்பூர் காவல்துறையில் வேலை இருந்தது. நம் பிள்ளைகளில் ஒருத்திக்கு அப்படி ஒரு எட்டு வருஷம் வந்தால் தாங்க யார் இருக்கிறோம்? எனக்கு இதுதான் கவலை.

‘பெண் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் குஸ்தி, நாளைக்கு யார் கட்டிப்பாங்க?’ என்று கேட்கிற அம்மாக்களை நான் கோபித்துக்கொள்வதில்லை. ஜூடோ பிறந்த ஜப்பானிலும் இதே கேள்வி இருந்தது. கெய்கோ ஃபுகுடா என்ற அம்மையாருக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கல்யாணம் என்றால் ஜூடோவை விட வேண்டும் என்ற நிலை. அவர் கல்யாணத்தை விட்டார். 1953இல் ஐந்தாம் டான், அதாவது கறுப்புப் பட்டையில் ஐந்தாம் படி, பெற்றார். பெண்களுக்கு அதற்கு மேல் கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். ஆறாம் டான் கிடைக்க 1972 ஆகிவிட்டது. 2011இல் அமெரிக்காவில் பத்தாம் டான் தந்து கௌரவித்தபோது அவருக்கு 98 வயது. எல்லோரும் அவர் போலக் கல்யாணத்தை விடுங்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்ற நிலையில் இனி எந்தப் பிள்ளையையும் நிறுத்தக் கூடாது என்கிறேன்.

நியூயார்க்கில் ரஸ்டி கனோகோகி என்று ஒரு பெண். 1959இல் ஆண் போல வேஷம் போட்டு ஒரு ஜூடோ போட்டியில் இறங்கி ஜெயித்தார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர் அதோடு விடவில்லை. பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை 1980இல் நியூயார்க்கில் நடத்திக் காட்டினார். 1988இல் சியோலில் காட்சிப் போட்டி, 1992இல் பார்சிலோனாவில் முழுப் பதக்கப் போட்டி என்று பெண்கள் ஜூடோ ஒலிம்பிக்குக்குள் வந்ததில் அவருடைய போராட்டத்துக்குப் பெரிய பங்கு. பிடுங்கிய பதக்கத்தை 2009இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதே வருஷம் அவர் இறந்துபோனார்.

சரி, சாம்போ என்ற ரஷ்ய மல்யுத்தத்துக்கு வருகிறேன். ஜப்பானில் ஜூடோ கற்ற வாசிலி ஒஷ்செப்கோவ் அதை ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார். 1937இல் ஸ்டாலின் காலக் கைதுகளில் பிடிபட்டுச் சிறையிலேயே செத்தார். அவரும் வேறு சிலரும் வளர்த்த அந்த ஆட்டம் மறு வருஷமே அரசு அங்கீகாரம் பெற்றது. சாம்போவில் சிவப்பு அல்லது நீலக் கோட்டு, அரைக்கால் சட்டை, காலில் ஷூ. கழுத்தை நெரிக்கக் கூடாது. எதிராளியின் காலை மடக்கிப் பூட்டுப் போடலாம். ஜூடோவில் இந்த இரண்டும் அப்படியே தலைகீழ். ஜூடோவில் எதிராளியை 20 விநாடி தரையில் அமுக்கினால் ஆட்டம் முடிந்தது. சாம்போவில் அதற்கு 4 புள்ளிதான், ஆட்டம் தொடரும். எதிராளியை முதுகுபட வீசிவிட்டு நீங்கள் நின்றுகொண்டே இருந்தால் சாம்போவில் அதுவே முழு வெற்றி.

இதை ஏன் விரிக்கிறேன் என்றால், எதிராளியின் கோட்டுத் துணியைப் பிடித்து வீசத் தெரிந்த பெண்ணுக்கு ஒரே ஆட்டத்தின் காலண்டரை நம்பி உட்கார வேண்டிய அவசியம் இல்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் சாம்போ இருந்தது, உஸ்பெகிஸ்தானின் மல்யுத்தமான குராஷும் இருந்தது. குராஷ் 52 கிலோவில் பிங்கி பல்ஹாரா வெள்ளியும் மலபிரபா ஜாதவ் வெண்கலமும் வாங்கினார்கள். இருவரும் ஜூடோவிலிருந்து வந்தவர்கள். சாம்போ இன்னும் ஒலிம்பிக்கில் இல்லைதான். ஆனால் 2021இல் ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

எடை பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போட்டிக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு ஓடி இரண்டு கிலோ குறைக்கிற பழக்கம் இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளையை அப்படி ஓட விடாதீர்கள். வளர்கிற உடம்பு. எடை கூடினால் மேல் பிரிவில் ஆடட்டும், தோற்கட்டும், பரவாயில்லை. எந்தப் பயிற்சியாளர் வற்புறுத்தினாலும், நான் வற்புறுத்தினாலும், முடியாது என்று சொல்லுங்கள்.

முதல் சில மாதம் விழத்தான் சொல்லிக்கொடுப்போம். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் தரையை அறைந்து, தலை தரையில் படாமல் விழ வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். தேயிலைக் காட்டுச் சரிவில் ஈரத்தில் வழுக்கி விழுகிற அம்மாவுக்கும் இது உதவும், அதனால் நீங்களும் வரலாம்.

நம் ஊரில் இன்னொரு தடை உண்டு. ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாது. தேயிலைக்குள் கரடி நிற்கும், காட்டெருமை நிற்கும். கடைசி பஸ்ஸைப் பிடித்தாலும் இறங்கிய இடத்திலிருந்து ஹட்டி வரை, அதாவது நம் குடியிருப்பு வரை, நடக்க வேண்டுமே. எத்தனையோ பிள்ளைகள் ஆட்டத்தை விட்டது இந்தப் பாதையால்தான், பயத்தால் அல்ல. மேட்டுப்பாளையம் இறங்கி கோவைக்குப் போய்ப் பயிற்சி எடு என்று சொல்வது சுலபம், தினமும் போய்வர யாரால் முடியும்?

அதனால் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு கோரிக்கை. இந்தக் கூடத்தைச் சனி, ஞாயிறு மதியம் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை எங்களுக்குத் தாருங்கள். மேட் வாங்குவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கல்யாணம், காரியம் வந்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, மேட்டைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுகிறோம். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டாக வீட்டில் விட, ஒவ்வொரு வாரமும் இரண்டு பேர் முறை வைத்து வரவேண்டும். யார் யார் வருவீர்கள் என்று இப்போதே பெயர் கொடுத்தால் வரும் சனிக்கிழமையே தொடங்கிவிடலாம். நோட்டு வாசல் மேஜையில் இருக்கிறது.