வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம்: மழலைக்குப் பேச்சு வளர

[காட்சி: யாங்கூனில் ஒரு வீடு. பாட்டி, பேத்தியை மடியில் வைத்திருக்கிறார்.]

பிள்ளை பேசத் தாமதமானால், இரண்டு மொழி கேட்டுக் குழம்பிவிட்டதோ என்று பயந்து தமிழை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வராது. பாட்டிக்குச் சரளமான மொழியில்தான் அவர் விதவிதமாகப் பேசுவார். பிள்ளைக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான்.

வார்த்தை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்தே எண்ணுங்கள். 'தண்ணி' ஒன்று, பர்மிய 'யே' ஒன்று. 2 வயது நிறையும்போது ஏறக்குறைய 50 வார்த்தையும், 'அம்மா வா' போன்ற இரு சொல் தொடரும் வர வேண்டும்.

[காட்சி: கல்லில் தனகா (முகத்தில் பூசும் பர்மிய மரப்பட்டைக் குழம்பு) உரசும் கை.]

பேச்சு வளர்க்கவென்று தனி நேரம் ஒதுக்க வேண்டாம், தனகா பூசும் நேரமே போதும். உரசும்போதே "தண்ணி ஊத்து, உரசு உரசு" என்று சொல்லுங்கள். ஒரு கன்னத்தில் பூசி, "கன்னம். ஜில்லுன்னு இருக்கு" என்னுங்கள். மறு கன்னத்துக்கு முன் கையை நிறுத்தி, பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி 5 முதல் 10 நொடி பேசாமல் இருங்கள்.

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். பிள்ளை வாய் திறப்பதற்குள் நாமே பூசி முடித்துவிடுகிறோம். கேட்டதைப் புரிந்துகொண்டு வாயை அசைக்க அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும். கன்னத்தை நீட்டினாலும், "ம்" என்றாலும் அது பதில்தான், உடனே பூசுங்கள்.

"கன்ன" என்றால், "சரியாச் சொல்லு" என்று அதட்டாதீர்கள். "ஆமா, இந்தக் கன்னம்" என்று ஒரு சொல் கூட்டிச் சொன்னால் போதும். 'பழம்' என்பது 'பயம்' ஆனாலும் இந்த வயதில் கவலை இல்லை, ழகரம் பிந்தித்தான் வரும். "இது என்ன, அது என்ன" என்று கேட்டுக்கொண்டே இருப்பதையும் குறையுங்கள்.

போனைப் பொறுத்தவரை, 1 வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. பிள்ளை பதில் சொல்லட்டும் என்று போன் காத்திருக்காது.

[காட்சி: மருத்துவர் குழந்தையின் காதைப் பார்க்கிறார்.]

12 மாதத்தில் மழலை ஒலியோ கை காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, 24 மாதத்தில் இரு சொல் தொடர் இல்லை, அல்லது எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோனது என்றால், முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். நடுக்காதில் நீர் கட்டினால் பேச்சு மங்கலாகத்தான் கேட்கும். கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிற பிள்ளைக்கும் 'ச' போன்ற மெல்லிய ஒலி கேட்காமல் இருக்கலாம். "இவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று வீட்டில் சொன்னாலும் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.