இனிப்பை விட்டோம், எண்ணெயை விட்டோமா?

(சென்னை பெரம்பூரில் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் மாலை வணக்கம்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று டாக்டர் சொன்ன அன்றே காபியில் சர்க்கரை நின்றுவிடும். லட்டு டப்பா மேல் அலமாரிக்குப் போய்விடும். சரி, நல்ல தொடக்கம்தான். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு வாய் எதையாவது கேட்குமே! "இனிப்புதானே கூடாது, காரம் சாப்பிடலாமே" என்று ஒரு கிண்ணம் மிக்சர், கூடவே நாலு முறுக்கு. இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முறுக்கு என்பது அரிசி மாவு. காராபூந்தி என்பது கடலை மாவு. நாக்குக்கு உறைத்தாலும், அதிலிருக்கும் மாவுச்சத்து வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாகத்தான் மாறும். அதன்மேல் பொரித்த எண்ணெய் வேறு. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் உடம்பில் இருந்தும் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் இனிப்பையும் எண்ணெயையும் ஒரே கணக்கில் வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

"சுகர் ஃப்ரீ" என்று எழுதிய மைசூர்பாகிலும் நெய்யும் கடலை மாவும் அப்படியேதான் இருக்கின்றன. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதான். இயற்கையானது என்பதால் சர்க்கரை நோயாளிக்குத் தனிச் சலுகை கிடையாது.

எண்ணெய்க் கணக்கு சுலபம். மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர்? ஒருவருக்கு மாதம் அரை லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு மூன்று டீஸ்பூன் சொச்சம். இதற்குள் நிற்கப் பாருங்கள். தாளிப்பு இந்த அளவுக்குள் அடங்கிவிடும், வடை சுட்டால் அடங்காது! நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அளவோடு நல்லவை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது அதிகமானால் இதயத்துக்கு ஆகாத வகை. நெய்யிலும் அது அதிகம். பொங்கலில் நெய் மிதக்க வேண்டாம், மணத்துக்கு அரை ஸ்பூன் போதும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

மெரினாவுக்குப் போனால் மிளகாய் பஜ்ஜிக் கடையைத் தாண்டிச் சுண்டல்காரரிடம் போங்கள். பட்டாணியில் நார்ச்சத்தும் புரதமும் இருக்கிறது. அதிலுள்ள நாலு தேங்காய்ப் பல்லுக்குப் பயப்பட வேண்டாம். மீன் சாப்பிடுபவர்கள் காசிமேட்டில் மத்தி, கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள். இதயத்துக்கு நல்ல கொழுப்பு அதில் உண்டு. வறுத்தால் அந்த நன்மையோடு எண்ணெயும் சேர்ந்துவிடும்.

அப்படியானால் வாழ்நாள் முழுக்க இனிப்பே கிடையாதா? கல்யாண வீட்டில் ஒரு மூலையில் முகம் சுருங்கி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்குவதில்லை. பந்தி இலையில் இனிப்பு முதலில் விழும். அதை முதலில் சாப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை. கூட்டு, பொரியலை முதலில் முடியுங்கள். அப்புறம் சாதத்தை வழக்கத்தைவிடக் குறைத்து வாங்குங்கள். கடைசியில் ஒரு சின்னத் துண்டோ, ரெண்டு வாய் பாயசமோ போதும். காய்கறி முன்னால் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும். வெறும் வயிற்றில் தின்ற ஒரு ஜாங்கிரியோ வேகமாக ஏற்றிவிடும். ஆனால் இது விசேஷ நாளுக்கு மட்டும், தினசரிக்கு இல்லை.

நம் வட சென்னையில், ஸ்டான்லி மருத்துவமனையில் 1948லேயே டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாசலுக்கே வருகிறது. அடுப்படியில் நடப்பது மட்டும் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக, வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அப்போது பதறிப்போய் மைசூர்பாகையோ சாக்லேட்டையோ ஊட்டாதீர்கள். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.