சந்தேகங்களுக்கு விளக்கம்: முழங்கால் மடங்கும் அளவு ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது?

அடுத்த கேள்வி. "அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. போன வாரம் பிசியோதெரபிஸ்ட் 100 டிகிரி மடங்குகிறது என்றார். இந்த வாரம் வேறொருவர் வந்து 92தான் என்கிறார். கால் மறுபடி இறுகிப் போகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயப்படாதீர்கள். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. முழங்கால் மடங்கும் அளவை எடுக்கும் கோனியோமீட்டர் என்பது இரண்டு நீளமான கைகள் வைத்த கோணமானி. அதன் நடுப்புள்ளி முழங்காலின் வெளிப்பக்கம், தொடை எலும்பு முடிகிற இடத்தில் தட்டுப்படும் மேட்டின் மேல் இருக்க வேண்டும். ஒரு கை இடுப்புப் பக்கம் துருத்தி நிற்கும் தொடை எலும்பை நோக்கியும், இன்னொன்று வெளிக் கணுக்காலை நோக்கியும் இருக்க வேண்டும். இந்த மூன்று இடங்களையும் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறோம். வீங்கிய காலில் அவை லேசில் அகப்படாது. கருவி சற்று நகர்ந்தாலே எண் மாறிவிடும். ஒரே ஆள் இரண்டு முறை அளந்தாலே 5 டிகிரி வரை முன்னே பின்னே வருவது சகஜம். ஆள் மாறினால் இன்னும் கொஞ்சம் கூடலாம்.

அப்புறம், அளந்த விதம். அம்மா தானாகவே மடக்கினாரா, தெரபிஸ்ட் பிடித்து அழுத்தி மடக்கினாரா? அழுத்தினால் பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும். மல்லாந்து படுத்திருந்தாரா, குப்புறப் படுத்திருந்தாரா? தொடையின் முன்பக்கத் தசை ஒன்று இடுப்பு, முழங்கால் இரண்டையும் தாண்டி ஓடுகிறது. குப்புறப் படுக்கும்போது அது ஏற்கெனவே இழுபட்டு நிற்பதால், அதே முழங்கால் குறைவாக மடங்கலாம். பயிற்சிக்கு முன்னால் அளந்தார்களா, பின்னால் அளந்தார்களா என்பதும் கணக்கில் வரும்.

அதனால் வெறும் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். "தானாக மடக்கியது, மல்லாந்து படுத்து, பயிற்சிக்கு முன்" என்று பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே விதமாக அளந்தும் வாராவாரம் குறைந்துகொண்டே வந்தால், அல்லது வலியும் வீக்கமும் கூடினால், தள்ளிப்போடாமல் அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. கால் எவ்வளவு நீளுகிறது என்று நீங்கள் கேட்கவே இல்லை. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான், மடக்குவதிலேயே எல்லோர் கண்ணும் இருக்கிறது. சமதரையில் நடக்க 60, 65 டிகிரி மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ 90க்கு மேல் வேண்டும். ஆனால் கால் முழுசாக நீளாமல் 10, 15 டிகிரி மடங்கியே நின்றுவிட்டால், நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை வேலை செய்துகொண்டே இருக்கும். சீக்கிரம் களைத்துப்போவார், நடையிலும் நொண்டல் தெரியும். இதமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது இந்தக் குறையை வளர்க்கும். தலையணை இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அளக்கும்போது, நீட்டும் அளவையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.