பள்ளிக்கூடத்தை ஆபீஸாக மாற்றலாமா? காக்ஸ் டவுன் அம்மாவின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல முக்கால்வாசி இ-காத்தா, அதாவது சொத்து விவரத்தை ஆன்லைன்ல பதிஞ்சு கொடுக்கிற மாநகராட்சி ஆவணம், அதைப் பத்திதான். அதுக்கு ஏற்கெனவே வீடியோ போட்டாச்சு. மறுபடி ஆரம்பிச்சா வழக்கமாப் பார்க்கிறவங்க என்னைச் சும்மா விட மாட்டீங்க. அதனால இன்னிக்கு ஒரே ஒரு கேள்வி. பெங்களூரு காக்ஸ் டவுன்லேருந்து ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காங்க. வந்ததுலேருந்து மண்டைக்குள்ள அதுதான் ஓடிக்கிட்டிருக்கு. அவங்க சொன்னதை அப்படியே படிக்கிறேன்.

"தம்பி, எங்க தெருவுல ஒரு ஸ்கூல். என் பசங்க ரெண்டு பேரும் அங்கதான் படிச்சாங்க. பிள்ளைங்க குறைஞ்சு போச்சுன்னு போன வருஷத்தோட மூடிட்டாங்க. இப்ப பெயிண்ட் அடிச்சு, கண்ணாடி வெச்சு, ஏதோ கம்பெனிக்கு வாடகைக்கு விடப் போறாங்களாம். குடித்தனம் இருக்கிற தெருவுல இப்படிப் பண்ணலாமா? பழைய கட்டடம், தாங்குமா? நாங்க ஏதாவது செய்ய முடியுமா?"

அம்மா, மூணு கேள்வி கேட்டிருக்கீங்க. மூணுக்கும் சொல்றேன். ஆனா நாலாவதா ஒண்ணு கேட்டிருக்கணும் நீங்க. அதைக் கேக்கலையேன்னுதான் எனக்கு ஆதங்கம். அதுக்குக் கடைசியில வரேன். கடைசி வரைக்கும் அடக்க முடியுமான்னு தெரியல, பார்க்கலாம்.

தாங்குமாங்கிறதை முதல்ல முடிச்சிடறேன். ஒரு தளம் எவ்வளவு பாரத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டணும்னு ஐஎஸ் 875-ங்கிற இந்தியத் தர விதி, இரண்டாம் பாகத்துல இருக்கு. 1987-ல வந்தது. வீட்டு ரூமுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. சாதாரண ஆபீஸ் ரூமுக்கு 250. வகுப்பறைக்கு 300. ஆமாம், வகுப்பறைக்குத்தான் ஜாஸ்தி. ஸ்கூல் வராண்டாவுக்கு 400. ஏன்னு கேட்டா, சாயங்காலம் மணி அடிக்கிற நேரத்துல ஏதாவது ஒரு ஸ்கூல் மாடி வராண்டால போய் நில்லுங்க, தெரியும். ஆக, ஒழுங்காக் கணக்குப் போட்டுக் கட்டின ஸ்கூல்ல மேஜை நாற்காலி போட்டு ஆபீஸ் வெச்சா பாரம் குறையத்தான் செய்யும். ஃபைல் அடுக்கறேன்னு ஒரு வகுப்பறையை ரெக்கார்டு ரூம் ஆக்கினா மட்டும் ஜாக்கிரதை. அதுக்கு 500 வேணும். யுபிஎஸ் பேட்டரி அடுக்கறவங்களும் எடையைக் கேட்டுட்டு அடுக்குங்க.

ஆனா இதெல்லாம் கான்கிரீட் கட்டடத்துக்கு. காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் எல்லாம் 1898 பிளேக்குக்கு அப்புறம் உருவான ஏரியா. அங்க பழைய கட்டடம்னா பல இடத்துல மேல மெட்ராஸ் டெரஸ்தான். மர உத்திரம் போட்டு, அது மேல செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து. நல்லா வெச்சிருந்தா நூறு வருஷம் நிக்கும். அதுக்கு எமன் தண்ணி. ஆபீஸ்காரங்க வந்ததும் முதல்ல என்ன பண்றாங்க? ஃபால்ஸ் சீலிங். ரெண்டாவது ஏசி. மூணாவது, மாடியில டாய்லெட். ஸ்கூல்ல டாய்லெட் எங்க இருக்கும்? பின்னாடி, காம்பவுண்டு சுவரை ஒட்டித் தனியா. ஆபீஸுக்கு அது ஆகாது. மாடியிலேயே வேணும், அதுவும் ரிசப்ஷன் பக்கத்துல வேணும். ஏசி தண்ணியும் டாய்லெட் கசிவும் சுவர்ல இறங்கி, உத்திரத்தோட முனை சுவருக்குள்ள செருகியிருக்கு பாருங்க, அங்க போய் உட்காரும். ஃபால்ஸ் சீலிங் இருக்கறதால யாரும் பார்க்கவே மாட்டாங்க. மர்ஃபி டவுன் பக்கம் ஒரு இடத்துல சீலிங்கைக் கழட்டச் சொல்லி, ஸ்கூட்டர் சாவியால உத்திர முனையைக் குத்தினேன். ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. கீழ அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் உட்கார்ந்து டைப் அடிச்சிக்கிட்டிருக்கு. அன்னிக்கே முட்டுக் கொடுக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன். அதனால அம்மா, தாங்குமான்னு கேக்கறவங்க ஸ்டிரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போய்ச் சுவருக்குள்ள போற முனையைப் பார்க்கச் சொல்லுங்க. நடுவுல தட்டிப் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்றதுல பிரயோஜனம் இல்ல.

அடுத்தது, பண்ணலாமா. இதுக்கு நான் எப்பவும் சொல்ற பதில்தான்: கட்டடத்தைப் பார்க்காதீங்க, நிலத்தைப் பாருங்க. அந்த நிலம் யார் கொடுத்தது, எதுக்குக் கொடுத்தது?

பிடிஏ, அதாவது பெங்களூரு வளர்ச்சி ஆணையம், போட்ட லேஅவுட்ல இருக்கிற ஸ்கூல்னா அது சிஏ சைட்டா (சிவிக் அமெனிட்டி சைட்) இருக்க வாய்ப்பு அதிகம். லேஅவுட் போடறப்பவே ஸ்கூல், ஆஸ்பத்திரி, நூலகம்னு பொது வசதிக்காக ஒதுக்கின இடம். 1989 விதிப்படி 30 வருஷக் குத்தகைக்குத்தான் கொடுப்பாங்க. சொந்தம் கிடையாது. ஸ்கூலுக்குன்னு வாங்கிட்டு ஸ்கூலை மூடிட்டுக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டா, அது குத்தகை நிபந்தனையை மீறின கதை. பிடிஏக்கு ஒரு புகார் போதும். இந்திரா நகர், கோரமங்களா பக்கம் இருக்கறவங்க முதல்ல இதைப் பாருங்க.

அம்மா இருக்கிற ஏரியா பழைய கன்டோன்மென்ட், பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்புப் பகுதி. அங்க பெரும்பாலும் டிரஸ்ட்டோ, சர்ச்சோ, பழைய தர்மகர்த்தாக்களோ சொந்த இடத்துல நடத்தின ஸ்கூல். ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-ல ஏழைப் பிள்ளைங்களுக்கு ஆரம்பிச்ச பள்ளி இன்னும் நடக்குதே, அந்த வகை. அவர் யார் தெரியுமா? கப்பன் பார்க் பக்கத்துல சிவப்பா நிக்குதே ஹைகோர்ட், அட்டாரா கச்சேரி, அதைக் கட்டின கான்டிராக்டர். 1868-ல முடிச்சாங்க. கட்டினது கோர்ட்டுக்கு இல்ல, 18 அரசாங்கத் துறைக்கு. ஆபீஸாக் கட்டினது கோர்ட் ஆச்சு. ஆகாதா என்ன? பழைய ஜெயில் ஃப்ரீடம் பார்க் ஆகலையா? மாணிக்கவேலு முதலியார் மாளிகை இன்னிக்கு ஓவியக் கூடமா இல்லையா? கட்டடம் வேலையை மாத்திக்கறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இடிச்சுட்டு நாலு மாடி பிஜி ஹாஸ்டல் கட்டறதை விட இது எவ்வளவோ மேல்.

எங்கேயோ போயிட்டேன். டிரஸ்ட் இடம்னா டிரஸ்ட் பத்திரத்துல என்ன நோக்கம் எழுதியிருக்குன்னு பார்க்கணும். கல்விக்குன்னு எழுதி வெச்ச சொத்தை அறங்காவலருங்க இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. பொது தர்மத்துக்கான சொத்துன்னா, அதுக்காக வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆவது பிரிவு இருக்கு. இதுல பத்திரத்தைக் கையில வெச்சுக்கிட்டு வக்கீல்கிட்டதான் போகணும், நான் வாய் விட மாட்டேன்.

அப்புறம் மாஸ்டர் பிளான். நமக்கு இன்னும் 2007-ல ஒப்புதல் ஆன 2015 பிளான்தான் ஓடுது. 2031-க்குன்னு போட்ட வரைவை வாபஸ் வாங்கிட்டாங்க. மேப்புல மஞ்சள்னா குடியிருப்பு, சிவப்புன்னா பொதுப் பயன்பாடு. 40 அடி ரோடு விவகாரம் உங்களுக்கே தெரியும், மஞ்சள் ஏரியால அதை விடக் குறுகலான தெருவுல வியாபாரம் கூடாதுன்னு கார்ப்பரேஷன் நோட்டீஸ் மேல நோட்டீஸா விட்டுச்சு. நிலப் பயன்பாட்டை மாத்தணும்னா, 1961-ஆம் வருஷத்து நகர ஊரமைப்புச் சட்டம், பிரிவு 14ஏ. மாற்றம் பொது நலனுக்காக இருக்கணும். பேப்பர்ல விளம்பரம் கொடுக்கணும். ஆட்சேபணை சொல்லக் குறைஞ்சது 15 நாள் விடணும். அந்த 15 நாள்தான் அம்மா உங்க ஆயுதம்.

சரி, இப்ப அந்த நாலாவது கேள்வி. ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள கட்டடம் எவ்வளவு இடத்துல இருக்கு? ஒரு ஓரமா இருக்கும். மிச்சம்? பிள்ளைங்க ஓடின மண் தரை. பிரேயர் நடக்கிற இடம், ரெண்டு மரம். அந்த முற்றம் என்ன ஆகப் போகுதுன்னு நீங்க கேக்கணும். கட்டடத்தைப் பார்க்காதீங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுக்குத்தான்.

ஆபீஸ் வந்தா முற்றம் என்ன ஆகும்? பார்க்கிங். மண்ணுல கார் நிறுத்த மாட்டாங்க, சிமென்ட் போடுவாங்க. பத்தாயிரம் சதுர அடி முற்றம்னு வைங்க. செப்டம்பர்ல ஒரு ராத்திரி 50 மில்லிமீட்டர் மழை பெய்யுது. நம்ம ஊர்ல அது சாதாரணம். எவ்வளவு தண்ணி? 46,000 லிட்டர். ஆறாயிரம் லிட்டர் டேங்கர் கணக்குல ஏழுக்கும் மேல. மண்ணா இருந்தப்ப அதுல ஒரு பங்கு உள்ளேயே இறங்கிச்சு. சிமென்ட் போட்டதும் அத்தனையும் கேட்டுக்கு வெளியே, உங்க தெருவுக்கு, பள்ளத்துல இருக்கிற வீட்டுக்கு. மழைநீர் சேகரிப்பு 2009-லேருந்து சட்டம்தான். நோண்டி வெச்ச குழியை ஒரு தடவை திறந்து பாருங்க, பாதி இடத்துல கட்டட டெப்ரிஸ்தான் இருக்கும். மரத்தை வெட்டணும்னா 1976 மரப் பாதுகாப்புச் சட்டப்படி ட்ரீ ஆபீசர் அனுமதி வேணும். அனுமதி வாங்காம வேரைச் சுத்திக் கான்கிரீட் ஊத்திட்டுத் தானா பட்டுப் போச்சுன்னு சொல்றதும் நடக்குது.

பார்க்கிங்கோட நிக்குமா? எஃப்ஏஆர்னா நிலத்தோட அளவுக்கு எவ்வளவு தளப் பரப்பு கட்டலாம்ங்கிற கணக்கு. ஸ்கூல்காரங்க கட்டாம விட்ட எஃப்ஏஆர் அங்க சும்மா கிடக்கு. அஞ்சு வருஷத்துல முற்றத்துல புது பிளாக் எழும்பும். அன்னிக்கு, "ஏற்கெனவே இங்க ஆபீஸ்தானே இருக்கு"ன்னு சொல்லுவாங்க. அதனால இன்னிக்கே கேளுங்க.

இன்னொரு விஷயம், இது பெரும்பாலானவங்களுக்குத் தோணறதே இல்ல. 2003 புகையிலைச் சட்டப்படி கல்வி நிலையத்துலேருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள்ள சிகரெட், புகையிலைப் பொருள் விக்கக் கூடாது. கர்நாடக எக்சைஸ் விதியில பொதுவா 100 மீட்டருக்குள்ள மதுக்கடை லைசென்ஸ் கூடாது. ஸ்கூல் இருக்கிற வரைக்கும் அதைச் சுத்தி இந்த ரெண்டு வட்டமும் இருக்கு. ஸ்கூல் மூடினா ரெண்டும் போச்சு. பக்கத்துல கோயில், ஆஸ்பத்திரி எதுவும் இல்லைன்னா பார் வர வழி திறந்தாச்சு. எங்க ஏரியா பெட்டிக்கடைக்காரர்தான் எனக்கு இதைச் சொன்னார், சிரிச்சுக்கிட்டே. "இனிமே பேக்கட்டை ஒளிச்சு வைக்க வேண்டாம் சார்"ன்னார். ஆபீஸ் எட்டு மணிக்கு லைட்டை அணைச்சிட்டுப் போயிடும், அம்மா. நீங்க பயப்பட வேண்டியது அந்த ஆபீஸைப் பார்த்து இல்ல.

செய்ய முடியுமான்னு கேட்டீங்க. முடியும். சதாசிவநகர்ல ஒரு லேஅவுட்ல பார்க்குக்குன்னு விட்டிருந்த இடத்தை ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொடுத்தாங்க, முதலமைச்சர் உத்தரவுலேயே. அக்கம்பக்கத்துக்காரங்க வழக்குப் போட்டாங்க. ஆஸ்பத்திரியும் நல்லதுதானேன்னு வாதம். 1991-ல சுப்ரீம் கோர்ட், செல்லாதுன்னு சொல்லிடுச்சு. பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு வழக்குப் போட உரிமை இருக்குன்னும் சொல்லிச்சு. அது திறந்த வெளிக்காகப் போட்ட வழக்கு, அதைக் கவனியுங்க.

முதல் வேலை ஆர்டிஐ, தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய். சாங்ஷன் பிளான் (கட்டடத்துக்கு அனுமதி கொடுத்த வரைபடம்) நகல், நிலப் பயன்பாட்டை மாத்த மனு வந்திருக்கா, ரெண்டுதான் கேக்கணும், அதையும் தனித்தனி மனுவாப் போடுங்க. கர்நாடகால ஒரு மனுவுல ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள்ள. ஊர்க்கதை எல்லாம் எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க. பிபிஎம்பி, அதான் பழைய பெங்களூரு மாநகராட்சி, போய் இப்ப ஜிபிஏ (கிரேட்டர் பெங்களூரு ஆணையம்), அதுக்குக் கீழ அஞ்சு மாநகராட்சின்னு ஆயிடுச்சு, அதனால உங்க வார்டு எதுல வருதுன்னு பார்த்துட்டுப் போங்க.

பேப்பர்ல நோட்டீஸ் வந்தா யாருக்கு ஆட்சேபணை அனுப்பணும்னு அதுலேயே இருக்கும். அம்பது கையெழுத்தோட ஒரு லெட்டர் கொடுக்காதீங்க, வீட்டுக்கு ஒண்ணாக் கொடுங்க. கன்னடத்துல எழுதுங்க. உங்களுக்கு எழுத வராதுன்னா பேரப் பிள்ளைங்க எழுதிடுவாங்க. "ஆபீஸ் வேண்டாம்"னு மட்டும் எழுதினா ஒரே வரியில தள்ளிடுவாங்க. முற்றம் மண்ணாவே இருக்கணும், மரம் இருக்கணும், புதுசாக் கட்டக் கூடாது, ஜெனரேட்டர் வீட்டுச் சுவர்ப் பக்கம் வரக் கூடாது, இதை நிபந்தனையாப் போடுங்கன்னு கேளுங்க. கூகுள் எர்த்ல பழைய வருஷப் படம் கிடைக்கும். அதைப் பிரின்ட் எடுத்து லெட்டரோட குத்திடுங்க. நேர்ல போய்க் கொடுத்தா நகல்ல சீல் வாங்காம கவுன்டரை விட்டு நகராதீங்க.