டீக்கடை வாதமும் பூட்டிய படிப்பகமும்

(மன்னார்குடி வட்டத்துக் கிளை நூலகம் ஒன்றில் நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவிற்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, சம்பா வயலில் மழைத் தண்ணீர் வடியாமல் நிற்கும் இந்த நேரத்திலும் நமக்காக வந்திருக்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வரவேற்புரை வழங்கிய கிளை நூலகர் அம்மையார் அவர்களே, மாணவர்களை வரிசையாக அழைத்து வந்து அமர்த்தியிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலிகள் அனைத்தையும் நூலகத்திற்கு வழங்கிய புரவலர் பெருமகனார் அவர்களே, மகளிர் சுய உதவிக் குழுவின் சகோதரிகளே, வாசக நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். முதல் வரிசையில் இரு வேறு கட்சிகளின் கிளைச் செயலாளர்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இருவருக்கும் தனியாக ஒரு வணக்கம் சொல்ல விரும்புகிறேன். இன்று நான் பேச வந்த பொருளுக்கு அவர்கள் அமர்ந்திருக்கும் அந்த இரண்டு நாற்காலிகளைவிடப் பொருத்தமான முன்னுரை வேறில்லை.

தெரிந்தவர்களுக்குள் அரசியல் பேசலாமா என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதை மூன்று பகுதிகளாகச் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன். பேசத்தான் வேண்டும் என்பது முதலாவது. கைப்பேசி வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு என்ன நேர்ந்தது என்பது இரண்டாவது. நண்பனோடு வாதிடுவதற்கு உரிய ஒழுங்கு எது என்பது மூன்றாவது.

நம் பக்கத்து டீக்கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்ற பலகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பலகை இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. உடன் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவாக இருந்தாலும், பங்காளிகளின் குழுவாக இருந்தாலும், இங்கே அரசியல் பதிவு போடக் கூடாது என்று அட்மின் முதல் நாளே அறிவித்துவிடுகிறார். நல்ல எண்ணத்தில்தான் அறிவிக்கிறார், ஆனால் நான் அதை ஏற்கவில்லை. நெல்லுக்கு என்ன விலை, கொள்முதல் நிலையம் எப்போது திறக்கும், ஈரப்பதம் எவ்வளவு வரை எடுப்பார்கள், பயிர்க் காப்பீட்டுப் பணம் ஏன் வரவில்லை என்பவையெல்லாம் அரசியல்தானே? இவற்றைத் தெரிந்தவரிடம் பேசக் கூடாதென்றால் யாரிடம் பேசுவது? வாக்கை மறைவாகப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு முந்தைய யோசனையையும் மறைவாகவே செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இந்த நாட்டில் செய்தி என்பது பல காலம் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட ஒன்று. ‘சுதேசமித்திரன்’ 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழானது. சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார். அதற்குப் பிறகு டீக்கடைப் பெஞ்சில் ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து ஆறு பேர் படிப்பது நம் ஊர்களின் காலை வழக்கமாயிற்று. ஊராட்சி வானொலியில் மாலையில் ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி’ என்ற குரல் வந்ததும் திண்ணைப் பேச்சு அடங்கும். செய்தி முடிந்ததும் அது இரு மடங்காக எழும். காங்கிரசாரும் திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமையாரும் தத்தம் கொடிக் கம்பத்தின் அருகே கீற்றுக் கொட்டகை போட்டு அதற்குப் படிப்பகம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு கட்சியின் படிப்பகத்தில் மற்றக் கட்சிக்காரர் வந்து நாளிதழ் படித்துவிட்டுப் போனதை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். முதலில் படிப்பு, அதன் பிறகு வாதம் என்பதே அன்றைய வரிசை. என் தாயார் எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பேச்சு என்பது அகப்பை, படிப்புத்தான் சட்டி.

இங்கே நான் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சற்று விரிவாகவே சொல்கிறேன், தலைவர் ஐயா அனுமதிக்க வேண்டும்.

2007ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பை வழங்கியது. காவிரி நீரை மாநிலங்களுக்குப் பங்கிட 1990 ஜூன் மாதம் அமைக்கப்பட்ட மன்றம், பதினாறு ஆண்டுகளுக்கு மேல் விசாரித்துச் சொன்ன தீர்ப்பு. அதில் நீரின் கணக்கு டி.எம்.சி.யில் இருந்தது, ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. மறுநாள் காலை எங்கள் ஊர் டீக்கடையில் நிற்க இடமில்லை. உரக்கடை வைத்திருந்த ஒருவரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும் அங்கே அன்றாடம் சந்திப்பவர்கள். உறவில் மாமன் மச்சான், கட்சியில் எதிரெதிர். உரக்கடைக்காரர் நாளிதழை மடித்துப் பெஞ்சில் அடித்து, “இடைக்காலத் தீர்ப்பில் 205 டி.எம்.சி. கொடுத்தான், இப்போது 192 என்கிறான். பதின்மூன்று போச்சு. இதற்கு உங்கள் ஆட்கள் வெடி போடுகிறார்கள், மாமா” என்றார். தபால்காரர், “மாப்ளே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி, தமிழ்நாட்டுக்கு 419 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்” என்றார். ஒரே நாளிதழ், ஒரே பக்கம், ஆனால் இருவர் கையிலும் இரு வேறு எண்கள். வாதம் தண்ணீரிலிருந்து கட்சிக்குப் போயிற்று, கட்சியிலிருந்து தலைவர்களுக்குப் போயிற்று, அங்கிருந்து ஒரு கல்யாணத்தில் யார் யாருக்கு மொய் எழுதவில்லை என்பது வரைக்கும் போயிற்று. உரக்கடைக்காரர் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மூன்று நாள் அவர் கடைக்கு வரவில்லை. தபால்காரர் வந்தார், ஆனால் நாளிதழைத் தொடவில்லை. டீக்கடைக்காரர் மனம் பொறுக்காமல் என்னிடம் வந்து, “ஐயா, எனக்கு இரண்டு டீ குறைவது பெரிதில்லை, எதிரில் இருக்கும் பெஞ்சைப் பார்க்க முடியவில்லை” என்று சொன்னார். அப்போது இந்தக் கிளை நூலகத்தில் இருந்த நூலகர், நாளிதழ்களை எடைக்குப் போடும் முன் காவிரி பற்றிய செய்திகளை மட்டும் வெட்டி ஒரு நீளக் கணக்கு நோட்டில் ஒட்டி வைக்கும் பழக்கம் உடையவர். யாரும் கேட்காமல், யாரும் சம்பளம் தராமல் செய்த வேலை அது. அந்த நோட்டை நான் கடன் வாங்கிக்கொண்டு போனேன். இருவரையும் ஒரே மேசைக்கு வரவழைக்கப் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். வந்து உட்கார்ந்தார்கள் என்பது போதும்.

நோட்டில் 1991 ஜூன் மாதச் செய்தி இருந்தது. தபால்காரர்தான் விரல் வைத்துப் படித்தார். இடைக்கால ஆணையின் 205 டி.எம்.சி. என்பது மேட்டூர் அணைக்கு வந்து சேர வேண்டிய நீரின் அளவு. இறுதித் தீர்ப்பின் 192 என்பது மாநில எல்லையில், பிலிகுண்டுலுவில் அளக்கப்பட வேண்டிய நீர். பிலிகுண்டுலுவுக்கும் மேட்டூருக்கும் இடையில் நம் நிலத்திலேயே பெய்து ஆற்றில் சேரும் நீர் 205இல் அடங்கும், 192இல் அடங்காது. ஆகவே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பதின்மூன்று போயிற்று என்று சொல்வதற்கு இடமில்லை. 419 என்பதோ தமிழ்நாட்டின் முழுப் பங்கு. எல்லையைத் தாண்டி வருவதும் நம் பகுதியில் நாமே பெறுவதும் சேர்ந்த கணக்கு. 740 டி.எம்.சி. என்ற மொத்தத்தில் கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று மன்றம் பிரித்திருந்தது. உரக்கடைக்காரர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் மாமா, நாம் இரண்டு பேரும் வேறு வேறு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம்” என்றார். தபால்காரர் டீ சொன்னார்.

அவர்கள் அதற்குப் பிறகு ஒரே கட்சிக்காரர்களாக மாறிவிடவில்லை. தீர்ப்பு நமக்குப் போதுமா போதாதா என்று அடுத்த நாளே மறுபடியும் வாதம் தொடங்கிற்று. ஆனால் அது எண் தெரிந்தவர்களின் வாதம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் நிலத்தடி நீரையும் பெங்களூரின் குடிநீர்த் தேவையையும் காரணம் காட்டி, எல்லையில் தர வேண்டிய அளவை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோது, இந்த வட்டாரத்தில் அந்த எண்ணின் வலியை முதலில் புரிந்துகொண்டு ஊருக்குச் சொன்னவர்கள் அந்த இருவர்தாம். சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். இன்று அந்த நோட்டு இல்லை. எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. 2016 நவம்பரில் புதிய 2,000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று படித்தவர்களே நம்பிப் பகிர்ந்தார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை ஏற்கெனவே நம்பியிருந்த கூட்டம் அவர்களை அடித்தது. ஒரு மூதாட்டி இறந்தார். அந்த வதந்தியை அனுப்பியவர்கள் எல்லோரும் யாரோ ஒருவருக்குத் தெரிந்தவர்கள்தாம். சித்தப்பாவாக, அண்ணனாக, பள்ளித் தோழனாக இருந்தவர்கள். நம்பிக்கையின் மீது ஏறித்தான் பொய் வீட்டுக்குள் வருகிறது. நாடு முழுவதும் இப்படி உயிர்கள் போன பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு வைத்தது. விரலுக்கு வரம்பு வைக்க நிறுவனத்தால் முடியும், சட்டியை நிரப்ப அதனால் முடியாது. அது நம் வேலை.

நம் வேலை என்று சொல்லும்போது, நான் இந்த மேடைக்கு வந்ததன் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது பகுதியை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். வாதத்தின் ஒழுங்கைப் பற்றி எத்தனை மணி நேரம் பேசினாலும், வாதம் செய்பவன் மாலையில் போய் உட்கார்ந்து நான்கு நாளிதழ்களை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் இல்லையென்றால் பயன் என்ன?

அந்த இடம் நம் ஊர்களில் கட்டப்பட்டிருக்கிறது. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் கட்டினார்கள். அலமாரி, மேசை, நூல்கள் எல்லாம் வந்தன. இன்று இந்த வட்டாரத்தில் அவற்றில் பலவற்றின் கதவில் துருப்பிடித்த பூட்டுத் தொங்குகிறது. எங்கள் ஊர்க் கட்டடத்தின் சாவி எங்கே என்று கேட்டு ஓர் அலுவலகத்திற்கு நான் ஏழு முறை நடந்திருக்கிறேன். ஒருமுறை சன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். பிரிக்கப்படாத கட்டுகளாக நூல்கள் கிடந்தன. அவற்றின் மேல் யாரோ சாக்குகளை அடுக்கியிருந்தார்கள். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்கள் 1931இல் வகுத்த நூலக விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. அதே 1931இல் நம் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை அவர்கள் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். சாலையும் மின்சாரமும் இல்லாத காலத்தில் நூல் வாசகனைத் தேடி வந்த மண் இது. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. அந்தச் சட்டத்தின் வழியாக இன்றும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நம்மிடம் வாங்கப்படுகிறது. நாம் பணம் கட்டிவிட்டோம், ஐயா. இலவசமாக எதையும் கேட்கவில்லை.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. பூட்டிய கட்டடங்களைத் திறந்து, மாலை 5 மணி முதல் 8 மணி வரை விளக்கெரிய வேண்டும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று நாளிதழ்களாவது வர வேண்டும். ஒரே பக்கம் சாயும் மூன்று வேண்டாம். பெண்கள் தயங்காமல் வந்து உட்காரும்படி தனி மேசை வேண்டும். டீக்கடைப் பெஞ்சில் அவர்களுக்கு நாம் என்றும் இடம் தந்ததில்லை, அது நம் பெருங்குறை. வெட்டி ஒட்டுவதற்கு ஒரு நீளக் கணக்கு நோட்டும் கொஞ்சம் பசையும் வேண்டும். பொறுப்பாளருக்குரிய மதிப்பூதியத்தை ஊராட்சியால் தர முடியாத இடங்களில் முறை வைத்து அமர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒன்பது பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் ஐயா தாமும் பணி ஓய்வுக்குப் பின் பத்தாவது ஆளாக வருவதாகச் சற்று முன்பு என் காதில் சொன்னார். அவருக்கு உங்கள் முன்னிலையில் நன்றி கூறுகிறேன்.

ஜனவரி 26ஆம் நாள் கிராம சபை கூடும். ஒவ்வோர் ஊரிலும் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டும், தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும். முதல் வரிசையில் இருக்கும் இரு செயலாளர்களும் தத்தம் ஊர்களில் ஒருவர் முன்மொழிய மற்றவரின் கட்சிக்காரர் வழிமொழிய வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். மனுவின் படிகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. பெயர், ஊர், கையெழுத்து போதும். பேனா கொண்டு வராதவர்களுக்கு நூலகர் அம்மையார் எடுத்து வைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.