பட்டறையிலிருந்து வந்த வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷமாகக் கார் வேலை பார்க்கிறேன். நேற்றுவரை ஓடிய வண்டி, வேலை முடித்து வீட்டுக்கு வந்த மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கடைசியாக எதைக் கழற்றினார்கள்?" தொண்ணூறு கிலோமீட்டர் ஓடி வந்து நின்ற வண்டியில் கோளாறு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பட்டறையிலிருந்து வந்த வண்டியில், கை பட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய மாருதி 800 வைத்திருந்தார். கிளட்ச் பிளேட் மாற்றி எடுத்து வந்தார். மறுநாள் காலை செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி போயிருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புது பேட்டரி வாங்கிப் போட்டார். அப்போதும் அப்படியேதான்.

நான் போனதும் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் லைட் மங்கவே இல்லை. பேட்டரி இறங்கியிருந்தால் அந்த நேரத்தில் லைட் சுருங்கிப் போயிருக்கும். லைட் பளிச்சென்று நிற்கிறது என்றால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, செல்ஃப் மோட்டாருக்குத்தான் போகவில்லை.

பானெட்டைத் திறந்து ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டேன். சூடு. எஞ்சின் ஓடவே இல்லை, கேபிள் மட்டும் எப்படிச் சுடும்?

செல்ஃப் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் கரண்ட் வேண்டும். போன கரண்ட் எஞ்சின் வழியாகப் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். எஞ்சினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாடியோடு அதற்கு நேர்த் தொடர்பு கிடையாது. அதற்காகத்தான் எஞ்சினோடு சேர்ந்திருக்கும் கியர்பாக்ஸில் ஒரு தடித்த எர்த் வயர், கரண்ட் திரும்பிப் போகும் வழி. கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கும்போது அதைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது போல்ட்டைக் கையால் முறுக்கியதோடு விட்டிருக்கிறார்கள். வழியில் ஆடி ஆடித் தளர்ந்துவிட்டது. திரும்ப வழி இல்லாத கரண்ட், பெடலிலிருந்து எஞ்சினுக்கு வரும் மெல்லிய ஆக்சிலேட்டர் கேபிள் கம்பிக்குள் புகுந்து சுட்டிருக்கிறது.

ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் பிடித்தேன். முதல் திருப்பிலேயே வண்டி எழுந்தது. அப்புறம் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். சார் ஒன்றும் பேசாமல் புது பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டு வந்த பேட்டரி நல்ல பேட்டரி. பென்ஷன் பணத்தில் வாங்கியது. எனக்கு இன்றும் மனசு கேட்கவில்லை.

வோல்ட் அளக்கும் மீட்டர் இருந்தால் ஊகமே வேண்டாம். ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை எஞ்சின் பிளாக்கில். இன்னொருவர் செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் தடை இருக்கிறது.

சரி, செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால்? பெரும்பாலும் கப்ளர்தான், அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக். கழற்றியதில் ஏதோ ஒன்றை மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது 'கிளிக்' என்று உட்காரும்வரை அழுத்தியிருக்க மாட்டார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகும். அது கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் பம்புக்குப் போகும் கப்ளரை முதலில் பாருங்கள்.

டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் பல் வைத்த பெல்ட், மாற்றிய வண்டியானால் மட்டும் ரொம்பக் கவனம். செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் பெல்ட் பல் தவறியிருக்கலாம். பல எஞ்சின்களில் அப்படி நேர்ந்தால் வால்வில் பிஸ்டன் இடிக்கும், வால்வு வளைந்துவிடும். மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, வேலை செய்த பட்டறைக்கே கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

நன்றி, வணக்கம்.