அம்மியும் ஐஸ் வண்டியும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்து, அது ஏறாது என்று முதலில் கண்டுபிடித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாதஸ்வர வித்வான் அண்ணன் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். அண்ணன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நான் இசையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அவர் பொறுத்துக்கொள்வார். மைக் செட் தம்பிக்கும் நன்றி. போன வருஷம் என் பேச்சு பாதியில் நின்றதற்கு அவர் காரணமில்லை, மின்சாரம்தான் காரணம் என்பதை இந்த மேடையிலேயே பதிவு செய்கிறேன்.

மனசில் நிற்கிற மெட்டை எப்படிக் கட்டுவது என்பது எனக்குத் தந்த தலைப்பு. ஐந்து விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, திரும்ப வருவது. இரண்டு, வீட்டுக்கு வந்து சேர்வது. மூன்று, படியும் தாவலும், அதாவது சுரம் சுரமாக நடப்பதும் ஒரேயடியாகத் தாவுவதும். நான்கு, தாளம். ஐந்து, சொல்லும் மெட்டும் ஒட்டுவது. ஐந்துக்கும் சேர்த்து ஒரே பழமொழி போதும்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

எல்லோரும் ஒரு தடவை பிறந்தநாள் பாட்டைப் பாடுங்கள். வெட்கப்பட வேண்டாம். (பாடினார்கள்.) சரி, இப்போது அதைச் சுரத்தில் பார்ப்போம். முதல் வரி ப ப த ப ச நி. இரண்டாம் வரி ப ப த ப ரி ச. முதல் நான்கு சுரமும் அச்சு அசல் அதே. மாறுவது கடைசி இரண்டுதான். முதல் வரி நிஷாதத்தில், அதாவது 'நி'யில் போய் நிற்கிறது. சட்ஜமம் என்கிற 'ச'தான் மெட்டுக்கு வீடு. அதற்கு அரைச் சுரம், அதாவது ஹார்மோனியத்தில் ஒரே ஒரு கட்டை, தள்ளி நிற்கிற ஆள் அவர். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டு, உள்ளே வராமல் நின்றால் எப்படி இருக்கும்? 'வாங்க, வாங்க' என்று மனசு கூப்பிடுகிறது. இரண்டாவது வரி சட்ஜமத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறது. கேள்வி, பதில், அவ்வளவுதான். நான் சொன்ன முதல் இரண்டு விஷயமும் இதற்குள்ளேயே முடிந்துவிட்டது. மூன்றாவது வரியில் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து, அதாவது கீழ் 'ப'விலிருந்து, மேல் பஞ்சமத்துக்கு ஒரே தாவல், முழுசாக ஒரு ஸ்தாயி, ஏழு சுரத்தையும் தாண்டி மறுபடி அதே சுரம். எந்த வீட்டிலும் குரல் உடைகிற இடம் அதுதான். பாட்டு முழுக்க அவ்வளவு பெரிய தாவல் அந்த ஒன்றுதான். மெட்டின் உச்சமும் அங்கேதான். நான்கு இடத்தில் அப்படித் தாவியிருந்தால் ஒன்றுமே நினைவில் நின்றிருக்காது. கல்யாண வீட்டில் நான்கு மாப்பிள்ளை உட்கார்ந்தால் யாரைப் பார்ப்பது?

இந்த மெட்டைப் போட்டது பெரிய வித்வான் இல்லை. அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தில் பேட்டி ஹில் என்று ஒரு பாலர் பள்ளி டீச்சர். அவருடைய அக்கா மில்ட்ரெட் ஹில். அக்கா மெட்டு, தங்கை சொல். காலையில் பிள்ளைகளும் டீச்சரும் வணக்கம் சொல்லிக்கொள்வதற்கான பாட்டாக 1893இல் அச்சில் வந்தது. பிறந்தநாள் வரிகள் பிற்பாடு வந்து ஏறிக்கொண்டன. வீட்டில் பாட்டைக் கட்டுவார்கள். மறுநாள் தங்கை அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளைப் பாடச் சொல்லுவார். குரல் எட்டவில்லையா, ராத்திரி வீட்டுக்கு வந்து மாற்றுவார்கள். மறுபடி பள்ளி, மறுபடி வீடு. அடிமேல் அடி. இன்றைக்கு உலகத்தில் பாதி வீட்டில் கேக் வெட்டும்போது ஒரு பள்ளிக்கூடத்து மெட்டு ஒலிக்கிறது. 'பள்ளிக்கூடத்து' என்று அழுத்திச் சொல்கிறேன், காரணம் பின்னால் வரும்.

என் கதைக்கு வருகிறேன். 1987. ஒரு பள்ளியில் எனக்குத் தற்காலிகப் பாட்டு வாத்தியார் வேலை. ஆண்டு விழாவுக்கு வரவேற்புப் பாட்டு வேண்டும் என்றார்கள். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயசு, தலையில் கனம். ஷண்முகப்பிரியா ராகத்தில் ஒன்று போட்டேன். பல்லவிக்கே ஆறு சங்கதி, அதாவது அதே வரியை ஆறு விதமாக மாற்றிப் பாட வேண்டும். கமகம், அதான் சுரத்தை அசைத்துப் பாடுவது, வழுக்கிக்கொண்டு போகும். இருபது பிள்ளைகளுக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுத்தேன். விழா அன்று மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது சங்கதியில் பத்துப் பேர் வாயை மூடிவிட்டார்கள். நான்காவதில் ஐந்து பேர் பாக்கி. ஆறாவதில் ஒரே ஒரு பெண், அதுவும் அழுதுகொண்டே பாடுகிறது. நான் ஹார்மோனியத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். பாட்டு முடிந்ததும் அந்த அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டாராம்: 'யாராவது தவறிப்போய்விட்டார்களா?'

மறுநாள் இடைவேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டுக்கு வெளியே ஐஸ்காரர் சைக்கிளை நிறுத்தி, பெட்டி மூடியை டொக்கு டொக்கென்று தட்டினார். அப்புறம் குரல் கொடுத்தார். 'சேமியா ஐசே, பாலு ஐசே.' ப ப த ப க, ப க க ரி. அதையே இரண்டாம் தடவை. ப ப த ப க, ப க ரி ச. முதல் தடவை ரியில் தொங்கவிட்டார், இரண்டாம் தடவை சட்ஜமத்தில் இறக்கினார். மைதானத்தில் அத்தனை பிள்ளையும் கூடவே பாடுகிறது! என் ஒரு மாதப் பயிற்சியில் கரைந்துபோன அதே பிள்ளைகள். அழுத பெண் தட்டாமாலை சுற்றிக்கொண்டே பாடுகிறது. எழுந்துபோய் ஒரு சேமியா ஐஸ் வாங்கினேன். 'அண்ணே, இந்த ராகம் யார் சொல்லிக் கொடுத்தது?' என்றேன். 'ராகமா? இப்படிக் கூப்பிட்டாத்தான் சார் பசங்க வருது. மத்த மாதிரி எல்லாம் கத்திப் பாத்தாச்சு' என்றார்.

அது மோகனம். ச ரி க ப த, ஐந்தே சுரம். ஹார்மோனியம் இருந்தால் நாலரைக் கட்டையை, அதாவது மூன்று கறுப்புக் கட்டை சேர்ந்திருக்கிற இடத்தில் முதல் கட்டையை, சட்ஜமமாக வைத்து, கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். எதைத் தொட்டாலும் மோகனம்தான், தப்பு வராது. அரைச் சுர இடைவெளியில் ஒட்டி நிற்கிற இரண்டு சுரம் இந்த ராகத்தில் கிடையாது. அதனால் உரசல் இல்லை. மெட்டுக் கட்டப் புதிதாக வருகிறவர்கள் இங்கே தொடங்குங்கள். அடுத்த வருஷம் அந்த ஐஸ் வண்டி மெட்டின் மேல் நான்கு வரி எழுதி ஏற்றினேன். பத்து நிமிஷத்தில் பாடம் ஆகிவிட்டது. விழாவில் கூட்டமே சேர்ந்து பாடியது. பாட்டு எழுதியவர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஐஸ்காரர் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

செயலாளர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். ஐந்து நிமிஷமாம். தாளத்தை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சொல்லும் மெட்டும் பற்றி வித்வான் அண்ணன் என்னைவிட நன்றாகச் சொல்வார். எனக்கு வேறு ஒன்று பேசியாக வேண்டும்.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். நம் ஏழு சுரத்துக்கு நாமே வைத்திருந்த பெயர்கள். இந்தத் தஞ்சாவூரில் உட்கார்ந்துதான் இசை ஆராய்ச்சியாளர் ஆபிரகாம் பண்டிதர் சொந்தப் பணத்தைப் போட்டு இசை மாநாடுகள் கூட்டினார், 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூலைக் கொண்டுவந்தார். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இன்றைக்கு அதே மாவட்டத்தில் எத்தனை அரசுப் பள்ளியில் பாட்டு வகுப்பு நடக்கிறது? 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், தையல், விளையாட்டு, இசை எல்லாம் அந்தக் கணக்குக்குள். வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறவரை வைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சரளி வரிசை என்கிற முதல் பாடத்தையாவது சொல்ல முடியுமா? காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை கீபோர்டு வகுப்புக்குப் போகிறது. மற்ற பிள்ளை ஐஸ் வண்டிக்குக் காத்திருக்கிறது. ஐஸ்காரரும் இப்போது ஒலிப்பெட்டியில் பதிவு செய்து ஓட்டுகிறார்.

ஒன்றியத்துக்கு ஒருவராவது முழுநேரப் பாட்டு ஆசிரியர், பள்ளிக்கு ஒரு ஹார்மோனியம். கேட்பது இவ்வளவுதான். மூன்று தடவை மனு கொடுத்துவிட்டேன். மூன்று தடவையும் 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரே மெட்டில் பதில் வந்தது, அதுவும் நிஷாதத்தில் நிற்கிறது. நான்காவது மனு தயார். அடிமேல் அடி, தலைவர் ஐயா. முதல் கையெழுத்து உங்களுடையது என்று தலைமையாசிரியர் ஐயா சொல்லிவிட்டார்.

தாள் வாசலில், டீ டிரம் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனா ஒன்றுதான். வரிசையாக வாருங்கள். வடை தீர்ந்துபோனால் என்னைக் கேட்காதீர்கள்.